முதுகுக் கண்ணாடி பிறந்த கதை

ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல் என்றால் சிமென்ட். அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. தென்காசிப் பக்கத்து ஆலங்குளத்தைச் சொல்லவில்லை. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பக்கத்தில், 1970இல் அரசு சிமென்ட் ஆலை ஓடத் தொடங்கிய ஆலங்குளம். ஆனால் அதே கல்தான் கண்ணாடிக்குள்ளும் இருக்கிறது. சாதாரணக் கண்ணாடியில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் மணல், பதின்மூன்று பதினான்கு பங்கு சோடா, மீதியில் பெரும்பகுதி சுண்ணாம்பு. மணலையும் சோடாவையும் மட்டும் உருக்கினால் கிடைப்பது தண்ணீரில் கரைந்துபோகும் கண்ணாடி. சுண்ணாம்பு சேர்ந்தால்தான் அது மழையைத் தாங்கும்.

ஆலைக்கு வந்துபோன அம்பாசடர்களின் பின் கண்ணாடிக்கும் ஊர் மண்ணுக்கும் இப்படி ஒரு தூரத்து உறவு உண்டு. ஆனால் இங்கே சொல்ல வந்தது கண்ணாடியைப் பற்றி மட்டுமல்ல, அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் ரப்பரையும் சேர்த்து. முன் கண்ணாடிக்குப் பெரிய வரலாறு இருக்கிறது. பிரெஞ்சு வேதியியலாளர் எதுவார் பெனெதிக்துஸின் சோதனைச்சாலையில் குடுவை ஒன்று கீழே விழுந்து விரிசல் விட்டும் சிதறாமல் நின்றது, உள்ளே காய்ந்து படிந்திருந்த செல்லுலோஸ் படலம் சில்லுகளைப் பிடித்துவைத்திருந்தது, அதிலிருந்து அவர் 1909இல் இரட்டைக் கண்ணாடிக்குக் காப்புரிமை வாங்கினார் என்ற கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். பின் கண்ணாடியைப் பற்றி எழுத ஆளில்லை. முதுகை யார் பார்க்கிறார்கள்?

முதல் கார்களுக்குப் பின் கண்ணாடியே கிடையாது. குதிரை வண்டிக்குப் போட்ட தோல் கூண்டையே காருக்கும் போட்டார்கள். சிலர் அந்தத் தோலின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை வெட்டி செல்லுலாய்டு தகட்டைத் தைத்தார்கள். அது வெளிச்சத்துக்கு, வெயிலில் மஞ்சளாகி ஒரு வருடத்தில் அந்த வெளிச்சமும் போய்விடும். பின்னால் வருகிறவனைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே அப்போது இல்லை. சாலையில் இன்னொரு கார் இருந்தால்தானே?

எண்ணம் கொஞ்சம் தாமதமாக வந்தது. 1909இல் டோரதி லெவிட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, கார் ஓட்டும் பெண்களுக்கு எழுதிய புத்தகத்தில், ஒரு கைக்கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள், அவ்வப்போது தூக்கிப்பிடித்துப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னார். 1911 மே 30 அன்று நடந்த முதல் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் ரே ஹாரூன் தன் காரில் ஒரு கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு வந்தார். மற்றவர்கள் பின்னால் பார்த்துச் சொல்ல ஒரு மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார்கள். ஹாரூனின் வண்டியில் ஒருவருக்குத்தான் இடம். அவர்தான் ஜெயித்தார். செங்கல் பாவிய பாதையில் கண்ணாடி ஆடிய ஆட்டத்தில் ஒன்றுமே தெரியவில்லை என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார் என்பார்கள். தெரிந்ததோ இல்லையோ, ஓட்டுநர் தலையைத் திருப்பாமல் பின்னால் பார்க்கலாம் என்பது நிலைத்துவிட்டது. அவர் பார்க்க வேண்டுமானால் வண்டியின் முதுகில் ஒரு ஜன்னல் வேண்டும்.

அதற்குள் காரும் மாறிக்கொண்டிருந்தது. 1919இல் அமெரிக்காவில் விற்ற கார்களில் பத்தில் ஒன்றுதான் கூரையும் கதவும் முழுசாக மூடியது. 1927இல் அது நூற்றுக்கு எண்பத்தைந்து. மூடிய பெட்டிக்கு ஜன்னல் வேண்டும். ஆனால் பின் ஜன்னல் சின்னதாகவே இருந்தது. காரணம் சிக்கனம் மட்டுமல்ல. கண்ணாடி தட்டையாகத்தான் கிடைத்தது, வண்டியின் முதுகோ வளைவு. வோக்ஸ்வாகன் வண்டு கார் இதற்கு ஒரு வழி கண்டது: இரண்டு சின்னத் தட்டைக் கண்ணாடிகளைக் கோணத்தில் வைத்து நடுவில் ஒரு இரும்புத் தண்டு. 1953 மார்ச்சில்தான் அந்தத் தண்டை எடுத்துவிட்டு முட்டை வடிவத்தில் ஒரே கண்ணாடி போட்டார்கள். இன்று பழைய கார் பித்தர்கள் அந்தத் தண்டு உள்ள வண்டிக்குத்தான் சொத்தை எழுதிக் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள்.

கண்ணாடியை வளைப்பது ஒரு சிக்கல், உடைந்தால் ஆளைக் குத்தாமல் செய்வது இன்னொன்று. இரண்டுக்கும் விடை ஒரே உலையிலிருந்து வந்தது. 1660களின் தொடக்கத்தில் லண்டன் ராயல் சொசைட்டிக்காரர்கள் ஒரு விளையாட்டுப் பொருளை வைத்து மண்டையை உடைத்துக்கொண்டார்கள். உருகிய கண்ணாடியைச் சொட்டாகத் தண்ணீரில் விட்டால் வால் முளைத்த துளியாக உறையும். தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது. வால் நுனியைக் கிள்ளினால் மொத்தமும் பொடியாகிவிடும். இளவரசர் ரூபர்ட்டின் துளி என்று பேர். மேல்தோல் முதலில் குளிர்ந்து இறுகிவிடுகிறது. உள்ளே பிறகு குளிர்ந்து சுருங்க முயலும்போது மேல்தோலைத் தன் பக்கம் இழுக்கிறது. வெளியே எப்போதும் நெருக்கம், உள்ளே எப்போதும் இழுவை. விரிசல் விழ வேண்டுமானால் முதலில் அந்த நெருக்கத்தைத் தாண்ட வேண்டும். 1874இல் பிரெஞ்சுக்காரர் த லா பாஸ்தி சூடான கண்ணாடியை எண்ணெயில் முக்கி இதையே தகட்டில் செய்தார். அப்புறம் எண்ணெய்க்குப் பதில் காற்று. கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் காய்ச்சி, அச்சில் வளைத்து, இருபுறமும் குளிர்காற்றைப் பீய்ச்சினால், சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு பலம். உடைந்தால் கல்கண்டு அளவுத் துண்டுகளாகக் கொட்டும். 1930களில் கார்க்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரே ஒரு குறை உண்டு. உலையை விட்டு வந்த பிறகு அதை வெட்ட முடியாது, துளை போட முடியாது, ஓரத்தை உரசிச் சரிபண்ணவும் முடியாது. தொட்டால் மொத்தமும் பொடி. அதாவது கண்ணாடி என்ன அளவோ அதுதான். வண்டிதான் அதற்கு வளைந்துகொடுக்க வேண்டும்.

வண்டி எங்கே வளைந்துகொடுக்கும்? மரச்சட்டத்தில் கண்ணாடியை உட்காரவைத்து ஆணியடித்த காலத்தில் தச்சர் இழைத்துச் சரிபண்ணிவிடுவார். 1934இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரே தகட்டில் அடித்த இரும்புக் கூரையைக் கொண்டுவந்த பிறகு, முழு இரும்பு உடம்புதான் வழக்கமாகிக்கொண்டு வந்தது. பிரஸ்ஸில் அடித்து, வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்து முடித்த ஓட்டைக்குள் கண்ணாடி கடைசியாகப் போக வேண்டும். ஒவ்வொரு ஓட்டையும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னேபின்னே இருக்கும். இரும்பு வெயிலில் நீளும், பள்ளத்தில் முறுக்கிக்கொள்ளும். கண்ணாடி அந்த அளவுக்கு நீளாது, முறுக்கவும் முறுக்காது. இரண்டு பேரையும் நேருக்கு நேர் முட்டவிடாமல் நடுவில் நின்று பேசும் கல்யாணத் தரகராக வந்து சேர்ந்ததுதான் ரப்பர் பீடிங். சார்லஸ் குட்இயர் 1839இல் கந்தகம் சேர்த்துக் காய்ச்சி ரப்பரைத் திடமாக்கி நூறு வருடம் ஆகியிருந்தது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில எச் எழுத்து மாதிரி: ஒரு பக்கத்துப் பள்ளத்தில் கண்ணாடி, எதிர்ப்பக்கத்துப் பள்ளத்தில் இரும்பு விளிம்பு. அந்தப் பட்டை இல்லாமல் ஐம்பதுகளின் அகலமான பின் கண்ணாடியை யாரும் கனவு கண்டிருக்க முடியாது. புத்தகங்கள் கண்ணாடியைப் பாடுகின்றன. எனக்கு இந்தக் கதையின் நாயகன் ரப்பர்தான்.

இனி மெட்ராஸ்.

அம்பாசடர் உத்தரபாராவில் பிறந்தது, பியட் பம்பாய் குர்லாவில். நம் ஊரில் பிறந்தது ஸ்டாண்டர்டு. 1961இல் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் மெட்ராஸில் ஹெரால்டு காரைக் கட்டத் தொடங்கியது; இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் என்று பேர் போட்டு 1959 ஏப்ரலில் வந்த அதே வண்டி. அதை வரைந்தவர் இத்தாலியரான ஜொவானி மிகெலோட்டி. ஆனால் அதன் வடிவத்துக்கு அவர் மட்டும் காரணமில்லை, ஒரு வியாபாரச் சங்கடமும் காரணம். இங்கிலாந்து ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு உடம்பு அடித்துக்கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953இல் போட்டிக்காரரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடம்பையும் ஒரே கூரையடியில் அடித்துத்தர ஆள் கிடைக்கவில்லை. எல்லாரும் உடம்புக்கு அடியில் போடும் தனிச் சட்டத்தை விட்டுவிட்டிருந்த நேரத்தில் இவர்கள் பழையபடி சட்டத்தைப் போட்டு, உடம்பைத் துண்டு துண்டாகப் பல இடத்தில் அடித்து வாங்கி, போல்ட் போட்டு மூட்டினார்கள். வேறு வழியில்லாமல் செய்தது, பெட்டியில் பாகங்களாக அனுப்பி வேறு நாட்டில் மூட்டுவதற்குத் தோதாகப் போய்விட்டது. மெட்ராஸ் வந்து சேர்ந்ததில் அதற்கும் பங்குண்டு.

கூரையும் ஒரு துண்டு. போல்ட்டுகளைக் கழற்றினால் பின் கண்ணாடியும் கூடவே கையோடு வந்துவிடும். தூண்கள் மெலிசு, கண்ணாடி அகலம். பின் சீட்டில் உட்கார்ந்தால் கழுத்துக்குப் பின்னால் முழு வெளிச்சம். இந்தியச் சாலையில் ஓடிய வண்டிகளில் முதுகு அழகானது ஹெரால்டுதான் என்பது என் கட்சி. அம்பாசடர்காரர்கள் சண்டைக்கு வரட்டும். இரண்டு கதவு வண்டி நம் குடும்பங்களுக்கு ஒத்துவரவில்லை. பாட்டியைப் பின் சீட்டில் ஏற்ற முன் சீட்டை மடக்குவதா? அறுபதுகளின் பிற்பகுதியில் ஸ்டாண்டர்டு நான்கு கதவு ஹெரால்டை இந்தியாவுக்கென்றே செய்தது. பிறகு 1972இல் கெஸல் என்று பேர் மாறி, பின் ஆக்ஸிலும் மாறி, எழுபதுகளிலேயே ஓய்ந்தது. 948 சிசி எஞ்சினை மட்டும் கடைசிவரை விடவில்லை.

போல்ட் போட்டு மூட்டிய உடம்பில் ரப்பருக்கு வேலை இன்னும் கூடுதல். மூட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் கூரை முறுக்கும். முறுக்கை வாங்கிக்கொள்வது பீடிங். நாற்பது ஐம்பது வருடத்தில் அது காய்ந்துவிடும். இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஓசோன் அறுக்கும், குறிப்பாக ரப்பர் இழுபட்டு நிற்கிற மூலைகளில். அதனால்தான் வெடிப்பு எப்போதும் மூலையில் தொடங்குகிறது. அறுபதுகளில் சந்தைக்கு வந்த இபிடிஎம் ரப்பருக்குச் சங்கிலியில் இந்தப் பலவீனம் இல்லை. இன்று பழைய வண்டிக்கு வாங்கினால் அதைக் கேட்டு வாங்குவது நல்லது. எங்கள் பக்கத்து வெயிலும் சுண்ணாம்புத் தூசியும் இரண்டு விதத்தில் கெடுக்கும்: வெயில் ரப்பரைச் சுருக்கும், சுருங்கின இடைவெளியில் தூசி அடைந்து ஐப்பசி மழையின் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கீழ் மூலை இரண்டிலும் விளிம்பு துருப்பிடித்து, டிக்கிக்குள் தண்ணீர் இறங்கும்.

புது ரப்பர் போட்டு மறுபடி மாட்டும் வேலை கண்ணாடியில் தொடங்குவதில்லை. ரப்பரின் மேலே ஓடும் பளபளப்புப் பட்டையில் தொடங்குகிறது. அது கழற்றும்போதே மடிந்துவிட்டால் பிறகு நிமிர்த்தவே முடியாது. இரண்டு முனையும் சேரும் இடத்தை ஒரு சின்ன மூடி மறைத்திருக்கும். அதை ஒரு பக்கமாக நகர்த்தி, முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க வேண்டும். பழைய ரப்பரைக் காப்பாற்ற நினைக்காமல் வெளி உதட்டைக் கத்தியால் அறுத்துவிடுவது உத்தமம். உள்ளே ஒருவர் படுத்துக்கொண்டு, காலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே போர்வையை வைத்து மெதுவாகத் தள்ளுவார். வெளியே இரண்டு பேர் ஏந்திக்கொள்வார்கள். வந்த கண்ணாடியைச் சிமென்ட் தரையில் மூலை படும்படி வைத்தால் அன்றைக்கு அவ்வளவுதான். நடுவில் அடித்தால் தாங்குகிற அதே கண்ணாடி, ஓரத்தில் ஒரு மணல் துணுக்கு குத்தினால் கொட்டிவிடும்.

அப்புறம் டிங்கர் வேலை. துருவை வெட்டி எடுத்து, தகடு வைத்து, வெல்டிங் தடத்தை விளிம்பு மட்டத்துக்கு அரைத்துவிட வேண்டும். இங்கே அவசரப்படுகிறவர்கள்தான் அதிகம். விளிம்பில் வெல்டிங் சொட்டு ஒன்று துருத்திக்கொண்டிருந்தால், மாட்டும்போது ஒன்றும் தெரியாது. சித்திரை வெயிலில் மத்தியானம் வண்டி தனியாக நிற்கும்போது பட்டென்று சத்தம் கேட்கும். யாரோ கல்லெறிந்துவிட்டார்கள் என்று தெருப் பையன்களைத் திட்டுவார்கள். பட்டியும் பெயின்டும் தடிமனாக ஏறினாலும் ஓட்டை சிறுத்துவிடும்.

புது ரப்பரை வெயிலில் போட்டால் இளகும். வெயிலுக்கு நமக்குப் பஞ்சமில்லை. முதலில் கண்ணாடியைச் சுற்றி ரப்பர். பட்டையாக வாங்கி முனை சேர்ப்பதென்றால், அளவுக்கு ஒரு சென்டிமீட்டர் கூட விட்டு வெட்ட வேண்டும்; ரப்பர் பின்னால் சுருங்கும், இழுத்து ஒட்டினால் மழைக்காலத்துக்குள் வாய் பிளக்கும். பிறகு இரும்புக்கான பள்ளத்தில் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றிலும் படியவைத்து, இரண்டு முனையும் கீழே நடுவில் ஒன்றையொன்று தாண்டித் தொங்கும்படி விட வேண்டும். விளிம்பெல்லாம் சோப்புத் தண்ணீர். எண்ணெய், கிரீஸ் கூடாது, ரப்பர் ஊதிக்கொள்ளும்.

கண்ணாடியை வெளியிலிருந்து கீழ் விளிம்பில் உட்காரவைத்து இருவர் உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டிருக்க, உள்ளே இருப்பவர் கயிற்றை உருவுவார். கயிறு வரவர, உள் உதடு இரும்பு விளிம்பைத் தாண்டி உள்ளே விழும். இதைப் புத்தகத்தில் படித்தால் ஒரு வரி. பட்டறையில் கேட்டால்தான் பதம் தெரியும்.

“ஏலே, வெடுக்குனு இழுக்காதலே. உருவு.”

“மூலையில நிக்கி அண்ணாச்சி.”

“நிக்கட்டும். நீ விடு. வெளிய நாங்க தட்டுதோம், அப்பறமா உருவு.”

கண்ணாடிக்கு நேராக, நடுவைப் பார்த்து இழுக்க வேண்டும். கோணலாக இழுத்தால் கயிறு ரப்பரையே அறுத்துவிடும். மூலை நான்கும் தாண்டிவிட்டால் மீதி தானாக விழும்.

பளபளப்புப் பட்டைக்கு வருவோம். அதை வெறும் அலங்காரம் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். பல பழைய வண்டிகளில் அதுதான் பூட்டு. ரப்பரின் முகத்தில் ஒரு நீளப் பிளவு இருக்கும். கண்ணாடி உள்ளே போகிறவரை ரப்பர் இளக்கமாக இருப்பதற்குத்தான் அந்தப் பிளவு. பட்டையை அதில் செருகியதும் ரப்பரின் இரண்டு உதடும் அகன்று, ஒன்று கண்ணாடியையும் மற்றது இரும்பையும் இறுக்கிப் பிடிக்கும். பட்டை தொலைந்துவிட்டது, பரவாயில்லை என்று விட்டவர்கள் டிக்கியில் தண்ணீர் மொண்டிருப்பார்கள். செருகுவதற்குத் தனி ஆயுதம் உண்டு: நுனியில் ஒரு வளையம், அது பிளவை விரித்துக்கொண்டே போகும், பின்னாலேயே பட்டை உட்கார்ந்துகொண்டு வரும். அது இல்லாத பட்டறையில் சைக்கிள் ஸ்போக்கை வளைத்து ஒன்று செய்துகொள்வார்கள், அதுவே போதும். சில மாடல்களில் உலோகப் பட்டையை, கண்ணாடி வண்டிக்குள் போவதற்கு முன்பே ரப்பரில் ஏற்றிவிட வேண்டும். முறை மாறினால் மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதுதான்.

கசிவுக்கு எது கையில் கிடைக்கிறதோ அதை அப்புகிறார்கள். புளித்த காடி வாடை வருகிற சிலிக்கான் பசையை மட்டும் வேண்டாம். காயும்போது அது விடுவது அசிட்டிக் அமிலம். இப்போதுதான் வெட்டி எடுத்த துருவை அதே இடத்தில் மறுபடி விதைக்கும். இறுகாமல் இளக்கமாகவே இருக்கும் கறுப்புப் பூச்சு கிடைக்கிறது, அதை உதட்டுக்கு அடியில் விடலாம். ஒழுகுகிறதா என்று பார்க்க ஓஸைப் பிடிக்கும்போது கீழிருந்து மேலே போக வேண்டும். மேலேயிருந்து ஊற்றினால் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

புது வண்டிகளில் இந்த வேலை எதுவும் இல்லை. இப்போது கண்ணாடியை யூரித்தேன் பசையால் உடம்போடு ஒட்டிவிடுகிறார்கள். கண்ணாடியே உடம்பின் விறைப்பில் ஒரு பங்கைச் சுமக்கிறது, காற்றும் இடிக்காமல் வழுக்கிப் போகிறது. கயிறு முழுசாகப் போய்விடவில்லை: மாட்டுவதற்கு உருவிய கயிற்றுக்குப் பதில், கழற்றுவதற்குப் பசையை அறுக்கிற எஃகுக் கம்பி வந்திருக்கிறது. சோப்புத் தண்ணீரும் மூன்று ஆளும் இருந்தால் மரத்தடியில் முடிகிற வேலை மட்டும் போய்விட்டது.

பின்னால் பார்ப்பதற்கென்று இத்தனை பாடுபட்டு வந்த கண்ணாடியை நாம் வெகுகாலம் மூடித்தான் வைத்திருந்தோம். அதிகாரிகளின் அம்பாசடரில் திரை, கல்யாண வண்டியில் பூ, மற்றவர்களுக்குக் கறுப்பு ஃபிலிம். 1989ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி முன், பின் கண்ணாடிகள் வெளிச்சத்தில் நூற்றுக்கு எழுபது பங்காவது விட வேண்டும், பக்கக் கண்ணாடிகள் ஐம்பது. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஃபிலிம் ஒட்டவே கூடாது என்று சொன்ன பிறகுதான் ஊர் ஊராக உரிக்கத் தொடங்கினார்கள். பிளேடு போட்டுச் சுரண்டி, பழைய கண்ணாடிகளில் கோடு கோடாக விழுந்தது அப்போதுதான்.

ஹெரால்டுக்குப் பின் கண்ணாடி உடைந்துவிட்டால் உள்ளூர்க் கண்ணாடிக் கடையில் வெட்டிக் கொடுக்க முடியாது. காரணம் மேலே சொன்னதுதான். அக்ரிலிக் தகட்டை வளைத்து ஒட்டிக்கொண்டு ஓடிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஒரே வருடத்தில் பனி மூடினது மாதிரி ஆகிவிடும். சென்னைக்குப் போய்ப் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் விசாரிப்பதுதான் வழி. கிடைத்தால் விலை பேசுமுன் நான்கு ஓரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். சின்னச் சில்லு பெயர்ந்திருந்தாலும் வேண்டாம். ஊருக்குக் கொண்டுவரும்போது போர்வை சுற்றி, படுக்கப் போடாமல் நிறுத்தியே கொண்டுவர வேண்டும். அதற்கு ஒரு ஆளைக் கூடவே கூட்டிப்போங்கள்.